குரல் வந்த பக்கம்

அருவி வலது பக்கம் விழுந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் இடது பக்கத்திலிருந்து வந்தது.

சம்பூர்ணம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். வலது பக்கம் வெள்ளை வெளேரென்று தண்ணீர், அதன் அடியில் பச்சையாக ஒரு மடு, மடுவின் ஓரத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த யாரோ இரண்டு பெண்கள். இடது பக்கம் வெறும் பாறை. ஈரம்கூட இல்லாமல், வெயிலில் காய்ந்து, செங்கல் நிறத்தில் நின்றது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் அருவி அந்தப் பாறைக்குள்தான் விழுந்தது.

"இன்னாடி அப்பிடிப் பாக்குற? தண்ணியப் பாத்ததே இல்லியா?" என்றாள் அவளுடைய ஓரகத்தி மணியம்மாள். "ஏரியிலயே பொறந்தவ, அருவியக் கண்டு பயப்படுறா பாரு."

"பயம் இல்லக்கா. சத்தம் வேற பக்கத்துலருந்து வருது."

"எந்தப் பக்கத்துலருந்து வந்தா இன்னா. குளிச்சா நனையத்தானே போற. வா."

அன்று காணும் பொங்கல். சம்பூர்ணத்தின் கணவன் லோகநாதன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் ஃபிட்டர். அவன் அண்ணன் மணவாளன் அதே மில்லில் வேன் ஓட்டினான். மில்லுக்கு விடுமுறை விடும் இந்த ஒரு நாளில் இரண்டு குடும்பமும் பழவேற்காட்டுக்குப் போவது வழக்கம். அங்கே சம்பூர்ணத்தின் தாய் வீடு இருந்தது. "வருஷா வருஷம் அதே மீனு, அதே மணலு. இந்த வாட்டி மலைக்குப் போலாம்" என்று மணவாளன்தான் சொன்னான். கவரைப்பேட்டையில் திரும்பி, சத்தியவேடு தாண்டி, நாகலாபுரம் மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வேனை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் நடந்து வந்திருந்தார்கள்.

வழியெல்லாம் கனகு பேசிக்கொண்டே வந்தாள். சம்பூர்ணத்துக்கு ஒரே மகள், ஆறு வயது, முழுப்பெயர் கனகாம்பாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து இருந்துவிடுவாள். தூக்கத்தில்கூடப் பேசுகிற குழந்தை. மலை கண்ணில் பட்டதும் லோகநாதனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, இத்த யாரு கொட்டுனது?"

"எத்த?"

"இந்த மலைய. நம்ம மில்லு பின்னாடி கசடு கொட்டி வெச்சிருக்குதே, அந்த மாதிரி."

மணவாளன் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

குளித்துவிட்டுப் புளிச்சோறும் கருவாட்டு வறுவலும் தின்றார்கள். சம்பூர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. இடது பக்கப் பாறை இரைந்துகொண்டே இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், அப்போது அது முன்னாலிருந்து இரைந்தது. லோகநாதனிடம் சொன்னாள். மில்லில் ஆறு வருஷம் சம்மட்டிப் பக்கத்திலேயே நின்று அவனுக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டிருந்தன. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

"பாறையில பட்டுத் திரும்புது, அவ்ளோதான். செவுத்துல பந்து அடிச்சா திரும்பி வரல? எதிரொலின்னு பேரு. இஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பழவேற்காட்டு ஏரியில் குரல் மோதித் திரும்புவதற்கு எதுவும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் தண்ணீர், அதற்கு மேல் வானம். மார்கழிப் பனியில் படகின் பின்முனையில் நிற்பவருக்கு முன்முனை தெரியாது. அப்போது கரையில் நிற்கிற பெண்கள் கூப்பிடுவார்கள், படகிலிருப்பவர்கள் அந்தக் குரலை வைத்துக்கொண்டே வீடு வந்து சேருவார்கள். கண்ணுக்குக் கரை போலத் தெரிவது கரையாக இருக்காது. குரல் எந்தப் பக்கமோ ஆள் அந்தப் பக்கம். அவள் அப்பாவுக்கு அப்படி, அவளுக்கு அப்படி, கனகுவுக்கும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். வழி தவறிட்டா அழாத. கண்ண நம்பாத. அம்மா கொரலு எந்தப் பக்கம் கேக்குதோ, அந்தப் பக்கமே வா.

வெயில் சாய்வதற்குள் உச்சிக்குப் போய்வரலாம் என்றான் மணவாளன். அரை மணி நேர ஏற்றம். மேலே தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமீது நின்றால் கிழக்கே சமவெளி முழுவதும் விரிந்தது. ஏரிகள் தகரத் துண்டுகள் போல மின்னின. மணவாளன் விரலை நீட்டி நீட்டிக் காட்டினான். அதோ அந்தப் புகை நம்ம மில்லு. அதுக்கும் அப்பால ஒரு வெள்ளைக் கோடு தெரியுது பாரு சம்பூர்ணம், அதான் உங்க அம்மா ஊடு.

நின்ற பாறைக்கும் மலையின் மறுபகுதிக்கும் நடுவே ஆழமான பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரே செங்குத்தாக ஒரு பாறைச் சுவர். செடி இல்லை, பொந்து இல்லை, ஒரு காக்கை உட்கார இடமில்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கத்தினார்கள். மணவாளன் தன் பெயரைக் கத்தினான், மணியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு முறை கத்தினாள். கனகுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா" என்று கத்திவிட்டு விரலை மடக்கினாள். "ஒண்ணு. ரெண்டு."

அம்மா, என்றது எதிர்ப்பாறை.

"இன்னொரு கனகு இருக்கா பெரிப்பா."

"ஆமா. அவளையும் வேன்ல ஏத்திக்குனு போலாமா?"

"எடம் இருக்காது" என்றாள் கனகு.

சம்பூர்ணம் மட்டும் கத்தவில்லை. மணியம்மாள் வற்புறுத்தினாள். "சும்மா கூப்பிடக் கூடாதுக்கா" என்று மட்டும் சொன்னாள். ஏரியில் வேலையில்லாமல் யாரும் குரல் கொடுப்பதில்லை. கூப்பிட்டால் யாராவது வருவார்கள்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. பாதை இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே புகுந்து வளைந்து வந்தது. முன்னால் ஆண்கள், பின்னால் மணியம்மாளும் கனகுவும், கடைசியாகச் சம்பூர்ணம் என்றுதான் புறப்பட்டார்கள். காலில் முள் குத்தியதென்று மணியம்மாள் உட்கார்ந்தாள். சம்பூர்ணம் குனிந்து முள்ளை எடுத்தாள். நிமிர்ந்தபோது குழந்தை இல்லை.

முன்னால் போயிருப்பாள் என்று மணியம்மாள் சொன்னாள். முன்னால் இல்லை. லோகநாதன் திரும்பி ஓடி வந்தான். பாதையின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் புதர் மூடிய சரிவு. சம்பூர்ணம் பாறைமேல் ஏறி நின்று, ஏரிக்கரையில் கூப்பிடுகிற மாதிரி கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"கனகூ..."

ஒன்று. இரண்டு.

கனகூ, என்றது எதிர்ப்பாறை. அவள் குரல். அதே நீட்டல். பிறகு அதே குரல் சொன்னது: இங்க வா.

அவள் அதைச் சொல்லவில்லை.

லோகநாதனைப் பார்த்தாள். அவன் புதரை விலக்கிக்கொண்டிருந்தான். மணவாளன் வேறெங்கோ கத்திக்கொண்டிருந்தான். தான் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா குரல் கேட்கிற பக்கம். அம்மாவின் குரல் இப்போது இரண்டு பக்கம் கேட்டது.

"நின்ன எடத்துலயே நில்லு கண்ணு. எங்கியும் போவாத."

ஒன்று. இரண்டு.

வா, என்றது எதிர்ப்பாறை. வா, வா கண்ணு.

அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அரை மணி நேரம் கழித்துக் குழந்தை தானாகவே வந்தது. மேலிருந்து, அவர்கள் இறங்கிய பாதையிலேயே, மெல்ல நடந்து வந்தது. மணியம்மாள் ஓடிப்போய் முதுகில் ஒன்று போட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். "எங்கடி போன? உசுரு போயி உசுரு வந்துச்சு எங்களுக்கு. எங்க போன?"

"போன" என்றது குழந்தை.

கழுத்துவரை நனைந்திருந்தது. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உச்சியில் தண்ணீர் இல்லை. "எங்கனா ஊத்து இருந்திருக்கும்" என்றான் லோகநாதன், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு. வேனில் குழந்தை ஒரு வார்த்தை பேசாமல் வந்தது. பயந்திருக்கிறாள், களைத்திருக்கிறாள் என்றார்கள். சத்தியவேடு வந்தது, கவரைப்பேட்டை வந்தது. பாவாடை காயவில்லை. சம்பூர்ணத்தின் மடி முழுவதும் ஈரப் பாறையின் வாசனை.

மறுநாளும் அது காயவில்லை. வேறு பாவாடை கட்டிவிட்டாள், அதுவும் சற்று நேரத்தில் ஈரமானது.

மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேற்கே ஒரு ஜன்னல். மழைக்காலம் முடிந்த தெளிவான நாட்களில் அந்த ஜன்னல் வழியாக அடிவானத்தில் மலை ஒரு நீலக் கறை போலத் தெரியும். குழந்தை ஜன்னலுக்கு எதிரே, கிழக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிட்டது. கூப்பிட்டால் வந்தது. லோகநாதன் ஷிப்டு முடிந்து வந்து அதை மடியில் வைத்துக்கொண்டான்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

"நாளைக்கு இஸ்கூலுக்குப் போறியா?"

"போறேன்."

"நல்லாத்தானே பேசுது" என்றான் மனைவியிடம்.

அது தானாக எதையும் பேச ஆரம்பிக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. சம்பூர்ணம் ஒரு பகல் முழுவதும் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தாள். வாளியை வைத்தாள், எடுத்தாள், அரிசி களைந்தாள், அடுப்பு ஊதினாள். மில் சங்கு ஊதியது. குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு சொல் இல்லை. தூக்கத்தில்கூடப் பேசிய குழந்தை.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "தண்ணி வேணுமா?"

குழந்தையின் உதடுகள் அசைந்தன. மூடிக்கொண்டன.

ஒன்று. இரண்டு.

வேணும், என்று குரல் வந்தது.

அவள் எழுந்து போய்க் குழந்தையின் வாய்க்கருகில் காதை வைத்தாள். மூச்சு குளிர்ந்து கன்னத்தில் பட்டது. "தண்ணி வேணுமா?" உதடுகள் காதுமடலைத் தொட்டு அசைந்தன. சத்தமில்லை. ஒன்று. இரண்டு. வேணும். குரல் காதுக்குள் வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மேற்கு ஜன்னலிலிருந்து.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி கேட்டாள். குரல் அடைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நிற்பவர் பேசுவது போல வந்தது.

மில் மருந்தகத்தில் நர்ஸ் ரோசம்மாள் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். முதுகில் வைத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சளி ரொம்பக் கட்டிக்குனு இருக்குதும்மா. ஒரே எரைச்சல்."

"இதயம் அடிக்கிறது கேக்குதா?" என்றாள் சம்பூர்ணம்.

ரோசம்மாள் குழாயை மடித்து மேஜையில் வைத்தார். "மருந்து எழுதித் தரேன்" என்றார். குழந்தையின் பக்கம் மறுபடி அவர் பார்க்கவில்லை.

அன்று மாலை லோகநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்குக் கேட்குமோ என்று பயந்தபடி அவன் காதில் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"கொழந்த எதிர்லயே குந்திக்குனு இருக்குது. எங்க போயி இன்னொண்ணத் தேடுவ?"

"கொரலு மேக்கால இருக்குதுங்க."

"எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது, சம்பூர்ணம். நான் இன்னா சொல்லட்டும்." பிறகு, "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயி ஒரு கயிறு கட்டலாம். அண்ணனையும் கூப்ட்டுக்கலாம்" என்றான்.

அவள் தலையசைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. ஏரியில் வழி தெரியாமல் நிற்பவரை ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் நிற்க வைப்பதில்லை. அதோடு, குரல் தேய்ந்துகொண்டு வந்தது. முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே கேட்டது, பிறகு ரயில்பாதைக்கு அப்பாலிருந்து கேட்டது. வியாழக்கிழமை காலை, "எழுந்தியா கண்ணு?" என்று அவள் கேட்டதற்கு வந்த பதில், வயலுக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.

லோகநாதன் ஷிப்டுக்குப் போனதும் கதவைப் பூட்டினாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சத்தியவேட்டில் மாறி, நாகலாபுரத்தில் இறங்கி நடந்தார்கள். வேலை நாள். மலைப்பாதையில் ஒருவரும் இல்லை. புளியமரத்தடியில் அவர்கள் வேனின் சக்கரத் தடம் இன்னும் இருந்தது. மடு வந்ததும் குழந்தை கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தது. எந்தக் கல்லில் கால் வைப்பது என்று அது பார்க்கவில்லை. கற்கள் அதன் காலுக்கு வந்து சேர்ந்தன.

உச்சிப் பாறைக்கு வந்தபோது உச்சிவெயில். நிழலே இல்லை. கிழக்கே சமவெளி, புகை, வெள்ளைக் கோடு. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிர்ப்பாறையைப் பார்த்து நின்றாள். குழந்தை அவள் இடுப்போரம் வந்து நின்றது.

கீழே விழுந்துகொண்டிருந்த அருவியின் சத்தம் இங்கே கேட்கவில்லை. காற்று இல்லை. ஒரு வண்டு கூட இல்லை. தன் மூச்சு மட்டும்.

கையைக் குவித்தாள்.

"கனகூ..."

ஒன்று. இரண்டு.

பதிலில்லை. அவள் குரல் திரும்பி வரவில்லை. பள்ளம் அதை வாங்கிக்கொண்டது.

பிறகு, எதிர்ப்பாறையின் நடுவிலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு, சிணுங்கலாக:

"இன்னாம்மா?"

கனகு. அவள் கனகுதான். யாரும் சொல்லித் தராத சொல். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ சம்பூர்ணத்தின் நெஞ்சில் மோதியது.

"இங்க யாரோ கூப்புடுறாங்கம்மா" என்றாள் கனகு அங்கே.

அவளிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமோ.

"யாரும் கூப்புடல" என்றது ஒரு பெண்ணின் குரல். தாழ்ந்த குரல், பொறுமையான குரல். சம்பூர்ணத்தின் குரல். "நீ தூங்கு."

"இல்லம்மா. உன்ன மாதிரியே கேட்டுச்சு."

"அது பாறையில பட்டுத் திரும்புறது கண்ணு. பதில் சொல்லக் கூடாது."

சம்பூர்ணம் கத்தினாள். கனகு, அம்மா இங்க இருக்கேன். இந்தப் பக்கம். இந்தப் பக்கம் பாரு. தொண்டை நரம்பு புடைத்தது. வாய் கிழிந்துவிடும்போலத் திறந்தது. அவள் காதிலேயே அது விழவில்லை. மறுபடி கத்தினாள். மூச்சு வெளியே போனது, குரல் போகவில்லை. கையால் கழுத்தைத் தடவினாள். அது அசைந்தது. வெறுமனே அசைந்தது.

ஒன்று. இரண்டு.

"தூங்கு" என்றது அவள் குரல், எதிரே.

இடுப்போரம் நின்றது அவள் கைக்குள் தன் கையை நுழைத்தது. சில்லென்ற ஈரம். அவளை அது இழுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்துக்கொண்டு நின்றது.

கனகு அங்கே இன்னும் ஏதோ கேட்டாள். பாதி வார்த்தை. ஒரு கொட்டாவி. பிறகு அவள் பேசவில்லை.

வெயிலில் எதிர்ப்பாறை பளிச்சென்று தெரிந்தது, மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்தாக, ஒரு பொந்தில்லாமல், கால் வைக்க ஒரு விளிம்பில்லாமல். அதன் நடுவிலிருந்து, ஒரு குழந்தையின் முதுகை யாரோ உள்ளங்கையால் மெத்து மெத்தென்று தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.